காய்ந்த திரி சொன்ன ஈரம்

குஞ்சு பொரிப்பகத்தில் அவளுக்குப் பெயர் அளவக்கா. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. முதலாளி முதல் வாசல் காவலாளி வரை, அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட, அளவக்கா என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை இயந்திரங்களின் முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கி, அளவு பார்த்து எழுதுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அந்தக் காலத்தில் அங்கே மூன்று அடைகாக்கும் இயந்திரங்கள் இருந்தன. இயந்திரம் என்றால் மேசைமேல் வைக்கிற சாமான் இல்லை. ஒவ்வொன்றும் ஆள் நுழைந்து நடக்கிற அறை அளவு. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டு நிறைய முட்டைகள். வெளிப்புறம் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் இரண்டு வெப்பமானிகள் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிற்கும். வேலையாட்களுக்கு அவை வெறும் 'கண்ணாடி'. அவற்றின் குமிழ்கள் சுவரைத் துளைத்து உள்ளே போயிருக்கும். ஒன்று சும்மா நிற்கும், அது சூட்டைச் சொல்லும். மற்றதன் குமிழுக்கு ஒரு பஞ்சுத் திரியைச் சட்டை போல மாட்டி, திரியின் வாலை ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டிக்குள் விட்டிருப்பார்கள். திரி நனைந்தபடி இருக்க வேண்டும். நனைந்த திரியிலிருந்து நீர் ஆவியாகிப் போகும்போது குமிழின் சூட்டையும் கொஞ்சம் கையோடு கொண்டுபோகும். ஆகவே அந்த வெப்பமானி எப்போதும் சற்றுக் குறைவாகக் காட்டும். காற்று வறண்டிருந்தால் ஆவி வேகமாகப் போகும், அளவு நன்றாக இறங்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் போக இடமில்லாமல் நீர் திரியிலேயே உட்கார்ந்துகொள்ளும், இரண்டும் நெருங்கி நிற்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் கணக்கு. சும்மா நிற்பது முப்பத்தேழரை, ஈரமானது இருபத்தொன்பது: இது சரி. இதில் பிசகினால் முட்டை பிழைக்காது.

வெளியே இருப்பவர்கள் முட்டையை மூடி வைத்த பாத்திரம் என்று நினைக்கிறார்கள். அவளும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தாள். ஓட்டில் ஆயிரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியாக உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, இருபத்தொரு நாளும் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். எட்டில் ஒரு பங்கு எடை அப்படிப் போக வேண்டும். நீர் போன இடத்தில் காற்று வந்து உட்காரும், அந்தக் காற்றுதான் குஞ்சின் முதல் மூச்சு. குறைவாகப் போனால் குஞ்சு உள்ளேயே மூழ்கும். அதிகமாகப் போனால் உள் சவ்வு காய்ந்து காகிதமாகி, குஞ்சின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். திரும்பவும் முடியாது, உடைக்கவும் முடியாது.

இருபத்தொன்பது வயதில் கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவது படிக்கும் மகனோடு நின்றவள் அவள். அப்போது கிடைத்த வேலை இது. பத்தாவது வரை படித்திருந்ததாலும் கையெழுத்து குண்டு குண்டாக இருந்ததாலும் அளவு எழுதும் வேலைக்குப் போட்டார்கள். கை எழுதிக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும். அவள் வேலை செய்த பக்கம் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கும். "அளவக்கா, எல்லாத்துக்கும் அளவு வெச்சிருக்கியே, உன் வாய்க்கு ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?" என்று முட்டை அடுக்கும் பெண்கள் கேட்பார்கள். "அந்தக் கண்ணாடி உடைஞ்சு போச்சுடி, புதுசு இன்னும் வரல" என்பாள்.

தங்கைக்குக் கல்யாணமானது அதற்கு நான்கு வருடம் கழித்து. மாப்பிள்ளை பெரிய உருவம், சின்னக் குரல். ஏற்கெனவே இருந்த மரப்பட்டறை மூடிவிட்டதால் வேலையில்லாமல் நின்றார். அளவக்காதான் மேலாளரிடம் சொல்லி மூன்றாவது இயந்திரத்துக்கு அவரை ஆளாகப் போட வைத்தாள். தட்டுகளைத் திருப்புவது, தண்ணீர் தெளிப்பைத் திறந்து மூடுவது, இயந்திரத்தின் தலையில் இருக்கும் காற்று மூடியை ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. கண்ணாடியைப் படிப்பது அவர் வேலை இல்லை. அவள் படித்துச் சொல்வாள், அவர் செய்வார். காற்று மூடிக்கு அளவுகோல் எதுவும் கிடையாது. விரல் கணக்குத்தான். "ஒரு விரல் திறங்க தம்பி", "ரெண்டு விரல் திறங்க தம்பி" என்று அவள் கீழேயிருந்து சொல்வாள். அவர் ஏணிமேல் நின்று தன் விரலைச் செருகிப் பார்த்துத் திறப்பார். செய்ததைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அந்த மழைக்காலத்தில் நடந்ததற்கு இவ்வளவும் தெரிந்திருந்தால் போதும்.

திரியின் புட்டிக்குப் பேட்டரித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஆகாது. அங்கே குழாயில் வந்தது உப்புத் தண்ணீர். வாளியில் பிடித்து வைத்தால் இரண்டு நாளில் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். நீர் ஆவியாகிப் போகும், உப்பு எங்கே போகும்? அந்த மழைக்காலத்தில் ஒருநாள் கேனில் இருந்தது இரண்டு புட்டிகளோடு தீர்ந்துவிட்டது. சாமான் அறைக்காரர் விடுமுறையில் இருந்தார், சாவியும் அவரோடு. மகனுக்கு அம்மை போட்டிருந்தது, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள், மனம் அங்கேயே இருந்தது. மூன்றாவது புட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கை கழுவும் குழாயில் பிடித்து வைத்தாள். நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

நாளை அடுத்த நாளாயிற்று. வாரம் ஒருமுறை திரியையும் மாற்ற வேண்டும், அந்த வாரம் பாதி நாள் விடுப்பு, அதுவும் தவறியது. அடுத்த வாரமும் அப்படியே போயிற்று. திரியின்மேல் உப்பு மெல்ல மெல்லப் படிந்து, பஞ்சு சுண்ணாம்புக் குச்சியாக இறுகி, நீரை உறிஞ்சுவதை நிறுத்திக்கொண்டிருந்தது. அளவு ஒரே நாளில் குதித்திருந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அது நல்ல பிள்ளை மாதிரி இருபத்தொன்பதரை, முப்பது, முப்பத்தொன்றரை என்று படிப்படியாக ஏறியது. வெளியே அடைமழை. துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை. உள்ளேயும் ஈரம் கூடத்தானே செய்யும்?

"தம்பி, தெளிப்ப நிறுத்திடுங்க. மேல ஒரு விரல் திறங்க" என்றாள். நான்கு நாள் கழித்து முப்பத்துமூன்று காட்டியதும், "ரெண்டு விரல் திறங்க" என்றாள்.

அவர் ஏணியில் கால் வைத்துவிட்டு நின்றார். "அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா? உள்ள போயிட்டு வந்தா எனக்கு உதடு வெடிக்குது. பாருங்க, ரத்தம் வருது. ஈரம் ஜாஸ்தின்னா இப்படி வெடிக்குமா?"

முட்டை அடுக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அளவக்கா அவர் உதட்டை ஒரு பார்வை பார்த்தாள். நாக்கு நுனியில் வந்ததை அவளால் எப்போதுதான் விழுங்க முடிந்திருக்கிறது?

"எந்தங்கச்சி கடிச்சு வெச்சதுக்கெல்லாம் மெஷினக் குத்தம் சொல்லாதீங்க தம்பி."

பெண்கள் சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த முட்டைகள் ஆடின. அவர் காது மடல்வரை சிவந்து, தானும் சிரித்து, விறுவிறுவென்று ஏணியில் ஏறி இரண்டு விரல் திறந்துவிட்டு இறங்கினார். அதற்கப்புறம் உதட்டைப் பற்றிப் பேசவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார். அதற்கும் பெண்கள் சிரித்தார்கள்.

மழைக்காற்று நனைந்த காற்றுதான். ஆனால் அதைக் கொண்டுபோய் முப்பத்தேழரைச் சூட்டில் வைத்தால் அதன் தாகம் கூடிவிடும், கிடைத்த இடத்திலெல்லாம் ஈரத்தைக் குடிக்கும். அவர் உதட்டில் குடித்தது, பதினான்காயிரம் முட்டைகளில் குடித்தது. உப்பேறிக் காய்ந்த ஒரு திரி மட்டும் வெளியே நின்றுகொண்டு, ஈரம் நிறைய இருக்கிறது, ஈரம் நிறைய இருக்கிறது என்று சாதித்துக்கொண்டிருந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது வழக்கமாகக் காதை அடைக்கும் கீச்சுக் கீச்சு இல்லை. சத்தம் இருந்தது, ஆனால் எல்லாம் ஓட்டுக்குள்ளிருந்து வந்தது. முட்டை முட்டையாக ஒரு சின்ன ஓட்டை, அதில் அலகின் நுனி, அதோடு சரி. வெளியே வந்தவை ஐயாயிரம்கூட இல்லை. தங்கை வீட்டுக்காரர் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு முட்டையாக எடுத்து, காய்ந்த சவ்வை நனைத்து நனைத்து, தன் தடித்த விரல்களால் உரித்துப் பார்த்தார். மாலைவரை உட்கார்ந்து இருபத்திரண்டு குஞ்சுகளைப் பிழைக்க வைத்தார். நேரம் ஆக ஆக ஓட்டுக்குள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

அளவக்கா அவர் பக்கத்தில் உட்காரவில்லை. பலகைக்குப் போனாள். திரியைத் தொட்டாள். அது விரலில் நொறுங்கியது. அதைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். புட்டியைக் கழுவினாள். புதுத் திரி மாட்டி, பேட்டரித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். வேலையில் எப்போதும் செய்கிறதைத்தானே செய்தோம் என்று முதல் வருடம் முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது வருடம் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டாள்.

மேலாளர் வந்தபோது இரண்டு வெப்பமானிகளும் உத்தமர்களாக நின்றன. அவர் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"மூடியத் திறந்தது யாரு?"

"நான்தான் சார்" என்றார் தங்கை வீட்டுக்காரர். தரையிலிருந்து எழுந்து, கையில் பஞ்சோடு நின்றார்.

"எவ்வளவு திறந்த?"

"ரெண்டு விரல்."

மேலாளர் அவர் கையைப் பார்த்தார். "இந்த விரல்ல ரெண்டா? இது ரெண்டு விரலாய்யா? இது ரெண்டு உலக்கை!"

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் வந்தது என்ன என்று அளவக்காவுக்கு அன்று புரியவில்லை. அவள் வேறொன்றுக்காகக் காத்திருந்தாள். 'அண்ணிதான் திறக்கச் சொன்னாங்க' என்று அவர் சொல்வார். அதற்குமேல் தானும் சொல்லிவிடலாம். அவர் சொல்லவில்லை. யாரோ எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்த அவள் வாய், ஊருக்கெல்லாம் பதில் சொன்ன வாய், அன்று பூட்டிக்கொண்டது. மறுநாள் முதல் அவர் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

அவர் ஆம்பளை, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார், நான் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம் இதுதான். பிழைத்துக்கொள்ளத்தான் செய்தார். சுமை தூக்கினார், வண்டி தள்ளினார், கடைசியில் ஒரு சலவைக் கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டி பிடித்தார். அதில் கை தேர்ந்து நல்ல பெயரும் எடுத்தார். ஆனால் வீட்டில் ஒரு பழக்கம் தொடங்கியது.

மகள் பிறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அகன்ற தொட்டியில் தண்ணீர் வைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "காத்து காயக் கூடாதும்மா" என்றார். சன்னலில் நனைத்த துண்டைத் தொங்கவிட்டார். குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போனது, தொட்டி போகவில்லை. கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, வெயில் காலத்தில் வாசலில் ஒன்று. சுவரில் பூஞ்சை பிடித்தது. அலமாரியில் வைத்த துணியில் மக்கிய வாடை வந்தது. உப்பு ஜாடியில் உப்பு கட்டி தட்டியது. தங்கை துடைத்தாள், திட்டினாள், மறுபடி துடைத்தாள். அளவக்காவின் மகன் அவருக்குத் தொட்டிச் சித்தப்பா என்று பெயர் வைத்தான். வீட்டுக்கு யார் வந்தாலும், "பாத்து வாங்க, இந்த வீட்டுக்கு நீச்சல் தெரிஞ்சாத்தான் வரலாம்" என்பாள் தங்கை. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நாலு பேர் கூடிய இடத்தில் பழைய வேலைப் பேச்சு வந்தால், அவரே கையை நீட்டிக் காட்டுவார். "அண்ணி ரெண்டு விரல்னாங்க. என் ரெண்டு விரல் அவங்களுக்கு மூணு விரல். ஒம்பதாயிரம் உசுரு இந்த விரல் கணக்குல போச்சு." எல்லாரும் சிரிப்பார்கள். அளவக்காவும் சிரிப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு வேறு வழி? அப்போதுதான், எத்தனையோ வருடம் கழித்து, மேலாளர் முன்னால் அவர் முகத்தில் வந்தது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. அவர் அவளைக் காப்பாற்றவில்லை. அப்படி ஒரு எண்ணமே அவருக்கு வரவில்லை. தான்தான் செய்தோம் என்று நம்பிவிட்டார்.

சொல்லியிருக்கலாம். தங்கைக்குப் பிரசவம் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டாள். மகன் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். மகன் படித்து முடித்து வேலைக்கும் போனான். ஓய்வு பெற்றுவிட்டால் வேலை போகும் பயம் இருக்காது, அப்போது சொல்லலாம் என்றாள். நாள் ஆக ஆகச் சொல்வது எளிதாகும் என்று எப்படியோ நம்பியிருந்தாள். அது திரியில் ஏறிய உப்பு மாதிரி இறுகிக்கொண்டே வந்ததுதான் மிச்சம்.

அந்த மழைக்காலத்துக்குப் பத்தொன்பது வருடம் கழித்து அவள் ஓய்வு பெற்றாள். அதற்குள் இயந்திரங்கள் ஒன்பதாகி, ஈரத்தை அளக்க மின்னணுக் கருவி வந்து, திரியும் புட்டியும் போய்விட்டன. புது மேலாளருக்கு அவள்மேல் மரியாதை உண்டு. பழைய மூன்றாவது இயந்திரத்தின் பலகையைத் துடைத்து, இரண்டு வெப்பமானிகளோடும் புட்டியோடும் வண்ணத்தாளில் சுற்றிக் கொடுத்தார். ஈரத்தைக் கணக்குப் பார்க்கும் அட்டைகூட அதில் ஒட்டியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் புட்டியைப் பார்க்காமல் தாளை மறுபடி சுற்றி மூடியதைப் பிரிவுத் துயரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"எல்லாருக்கும் ரிட்டயர்மெண்ட்டுக்கு கடிகாரம் குடுப்பாங்க. உனக்குக் காய்ச்சல் பாக்கறதக் குடுத்திருக்காங்களேம்மா!" என்றான் மகன்.

அடுத்த விடுமுறை நாளிலேயே பலகையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். இன்று சொல்லாவிட்டால் இனி என்றும் இல்லை என்று பேருந்தில் போகும்போதே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பேச்சு முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை.

அவர் பலகையைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். "ஏம்மா, இங்க வந்து பாரு! நம்ம மூணாம் நம்பர் மெஷின் கண்ணாடி! அண்ணி, இது எனக்கா? நெஜமாவா?" என்று ஆணியும் சுத்தியும் தேடினார். கூடத்துச் சுவரில், பூஞ்சையைத் துடைத்த கறைக்கு மேலே, தொட்டிக்கு நேராக மாட்டினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"முப்பத்தொண்ணு. இதுவும் முப்பத்தொண்ணு." அட்டையில் விரலை ஓட்டினார். அந்தத் தடித்த விரல் இரண்டு கட்டங்களை ஒரே நேரத்தில் மறைத்தது. "ரெண்டும் ஒண்ணா இருந்தா... நூறு! நூத்துக்கு நூறு ஈரம்!" மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? இத்தன வருஷமா திட்டினியே, இப்ப மெஷினே சொல்லுது. நம்ம வீட்டுக் காத்து காயவே இல்ல!"

"காயுமா? மீன் தொட்டிக்குள்ளயே குடியிருந்தா மீனுக்கு எங்க காயும்?" என்றாள் தங்கை, தேநீர்த் தட்டோடு வந்து.

 அளவக்கா உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"இல்ல தம்பி. அது நெசம் இல்ல."

"என்ன அண்ணி?"

"திரி காஞ்சிருக்கு. காஞ்ச திரிய மாட்டினா ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டும். காத்து எவ்வளவு வறண்டு கெடந்தாலும் ஈரம் நெறைய இருக்குன்னுதான் சொல்லும்."

இப்போது எழுந்தாள். புட்டியைக் கழற்றித் தொட்டியிலேயே மொண்டு, திரியை நனைத்து மாட்டினாள். மேசைமேல் கிடந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து விசிறினாள். "இப்ப பாருங்க."

மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். முப்பத்தொன்றில் நின்ற பாதரசம் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு தயங்கித் தயங்கி இறங்கத் தொடங்கியது. முப்பது. இருபத்தெட்டு. இருபத்தாறில் வந்து நின்றுகொண்டது.

"இதுதான் சரியான அளவு" என்றாள்.  "தண்ணி ஆவியாப் போறப்ப சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகும். திரி காஞ்சா எதுவும் போகாது. கண்ணாடிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஏறி நிக்கும்."

அவர் அந்த இருபத்தாறையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் மெதுவாகத்தான் யோசிப்பார். இஸ்திரி போடுகிறவர், ஒரு மடிப்பை முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டார். தங்கை தட்டை மேசைமேல் வைத்தாள். அவளுக்குக் கணவனைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது என்பது அவள் தட்டை வைத்த விதத்தில் தெரிந்தது.

"அன்னைக்கு முப்பத்துமூணு காட்டுச்சே" என்றார் அவர்.

"ஆமா."

"திரியா?"

"கொழாத் தண்ணி ஊத்திட்டேன். உப்பேறிப் போச்சு. ரெண்டு வாரம் மாத்தல. அன்னைக்குக் காலைலதான் பாத்தேன். சார் வர்றதுக்கு முன்னாடி புதுசு மாட்டிட்டேன்." எத்தனையோ வருடம் தொண்டையில் கிடந்தது, ஐந்தே வாக்கியமாக முடிந்துபோனது. "உங்க மேல தப்பு இல்ல தம்பி. நான்தான்."

அவர் வலது கையைத் தூக்கி, இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப, வெரல் இல்லையா?"

"இல்ல தம்பி. ஒரு வெரல் திறந்திருந்தாலும் அதேதான் ஆயிருக்கும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். வேறு யாருடைய கையையோ வாங்கி வைத்திருப்பது போல.

பேசியது தங்கைதான். கத்துவாள் என்று அளவக்கா எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கை சுவரையே பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னாள்: "பத்தொம்போது வருஷமா இந்தச் செவுத்தத் தொடைக்கிறேன்க்கா."

"தெரியும்டி..."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ வருவ, பாப்ப, ஜோக்கடிப்ப, போயிடுவ. இவரு பொண்ணப் பெத்து ஆறு மாசம் தூக்கவே இல்ல. என் கை ராசி இல்லாத கைன்னாரு. எல்லாம் கைதானே, தூக்குங்கன்னு நானும் சண்ட போட்டிருக்கேன். நீயும் பக்கத்துல இருந்து, தூக்குங்க தம்பி, கடிக்காதுன்னு சொன்ன. ஞாபகம் இருக்கா? எல்லாரும் சிரிச்சோம்."

ஞாபகம் இருந்தது. அவள் சொன்ன ஒவ்வொரு வேடிக்கையும் இப்போது ஞாபகம் இருந்தது.

தேநீர் ஆறி மேலே ஆடை கட்டியது. யாரும் குடிக்கவில்லை. "அப்ப இந்தத் தொட்டிய எடுத்துடலாமா?" என்று தங்கை கணவனைக் கேட்டாள். அவர், "இருக்கட்டும்மா" என்றார். "சட்டுனு எடுத்தா எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்."

அளவக்கா கிளம்பினாள். அவள் எப்போது வந்தாலும் தங்கை பேருந்து நிறுத்தம் வரை கூட வருவாள். பேசி முடியாத கதையை நிறுத்தத்தில் நின்று முடிப்பாள். இரண்டு பேருந்துகளை வேண்டுமென்றே விடுவார்கள். இன்று அவள் கூடத்தை விட்டு அசையவில்லை. "வரட்டுமாடி?" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டே.

தெருமுனைக்கு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்தான். அவள் மறந்துவிட்டு வந்த குடையை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அவர் திரும்பவில்லை, நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி."

"சொல்லுங்க தம்பி."

"உதடு வெடிக்குதுன்னு நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"சொன்னேன்." தன் ஞாபகம் சரிதானா என்று பார்த்துக்கொள்கிறவர் போல மறுபடி தலையை ஆட்டினார். "நீங்க சிரிச்சுட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் வர அவருக்கு இன்னும் நாள் ஆகும், மெதுவாக யோசிக்கிறவர்.  அவள் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவர் திரும்பி நடந்து போனார்.

அதற்கப்புறம் மூன்று மாதம் தங்கை அழைக்கவில்லை. அளவக்கா அழைத்தால் எடுத்து, "கைவேலையா இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் வரவில்லை. நாளைக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு புட்டியை வைத்துவிட்டு வந்தவளுக்கு அப்புறத்தின் நீளம் தெரியும். மகனிடமும் சொல்லிவிட்டாள்.  அவன் தொட்டிச் சித்தப்பா என்று சொல்வதை நிறுத்திக்கொண்டான்.

வாரத்தில் ஒருநாள், காலை எட்டு மணி வாக்கில், தங்கை வீட்டுக்காரர் அழைப்பார். அவள் அந்த நேரத்தில் கைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பாள்.

"அண்ணி, இன்னைக்கு சும்மா நிக்கறது முப்பது. ஈரம் இருபத்தஞ்சு. சரியா?"

அவளிடம் பழைய அட்டையின் நகல் ஒன்று இருந்தது. பார்க்கத் தேவையில்லை என்றாலும் எடுத்துப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு தம்பி."

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கும். முன்பெல்லாம் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கை கைபேசியைப் பிடுங்கிக்கொள்வாள். இப்போது சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருக்கும். தேய்ப்பது நிற்குமா என்று அளவக்கா காதைக் கொடுத்திருப்பாள். நிற்காது.

"என்ன தண்ணி ஊத்தறீங்க?" என்று கேட்டாள் ஒருநாள், பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டுவதற்காக.

"பேட்டரித் தண்ணிதான்."

"திரி?"

"வாரா வாரம் மாத்திடறேன் அண்ணி" என்றார். "வெச்சிடட்டுமா?"